முழு வருகை
அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இதழினி சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"பெத்தவ கிடக்கா. இன்னைக்குமாடி பள்ளிக்கூடம்?" அத்தை கையைப் பிடித்தாள்.

உதறிவிட்டு ஓடினாள். நேற்றிரவு ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அனுப்பிய குரல் செய்தியை அவள் இன்னும் கேட்கவில்லை. அன்றைக்கு அனுமதித்த அரை மணி நேரம் அதற்குள் தீர்ந்து, போன் பூட்டிக்கொண்டுவிட்டது. மாணவர் மனநலத் திட்டப்படி, பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத்தான் மாலையில் போன் திறக்கும். ஒரு நாள் மட்டம் போட்டாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். சாவு வீட்டுக்கு அதில் விலக்கு கிடையாது.

சாயங்காலம் அவள் திரும்பியபோது கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். முழு வருகைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டிவிட்டுப் போன் திறந்தது. குரல் செய்தியை ஓடவிட்டாள். அதில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"கண்ணு, நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு என்கூட இருடி."