வெளியூர் மூளை

"இதுக்குப் பேர்தான் மூளை!"

தலைமைப் பொறியாளர் வரைபடக் கட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார். சைக்கிள் பாதை என்றால் என்ன என்று கண்டறிய ஐந்து பேர் குழுவோடு பன்னிரண்டு நாள் வெளியூர் போய், அன்று காலைதான் திரும்பியிருந்தார். அத்தனை நாளில் அவர் சைக்கிளைத் தொட்டது ஒரே ஒரு முறை, புகைப்படத்துக்காக.

எதிரே உதவிப் பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நம்ம ஊருக்கு இது ஒத்து வருமா சார்? ரோடு குறுகலாச்சே."

"இந்தப் பேச்சுதான் நம்மளக் கெடுக்குது! அங்கயும் குறுகல்தான். போட்டுட்டாங்கல்ல?"

"கடைக்காரங்க சண்டைக்கு வருவாங்க சார்."

"அங்கயும் வந்தாங்க. இப்ப வியாபாரம் கூடிடுச்சுன்னு அவங்களே பல்லைக் காட்டறாங்க."

"வளைவுல மழைத்தண்ணி தேங்குமே?"

"அதுக்கும் வழி சொல்லியிருக்காங்க. இதுல எங்கயோ..." அவர் கட்டின் முடிச்சோடு மல்லுக்கட்டினார்.

"பதினாலாவது தாள் சார்."

முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. பதினாலாவது தாளை எடுத்துப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "ஆங், இதோ! எப்படி யோசிச்சிருக்காங்க பாத்தியா?"

அவள் தலையாட்டினாள்.

"பள்ளிக்கூட வளைவுல லாரி இடிச்சு உன் பொண்ணே கால்ல மாவுக்கட்டோட படுத்துக் கிடக்கா. பெத்தவ, உனக்கே இப்படி ஒண்ணு தோணலையே! எத்தனை வருஷமா இந்த ஆபீஸ் நாற்காலியைத் தேய்க்கிறே?"

"பதினோரு வருஷம் சார்."

"தேய்ச்ச வரைக்கும் போதும். இதுல ஒரு கோடு மாத்தக் கூடாது. நீ கை வெச்சா கெட்டுடும். திங்கட்கிழமை பள்ளிக்கூட வளைவுல வேலை ஆரம்பிக்கணும்."

பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு தாளிலும் அவர் கையெழுத்து விழும்வரை அவள் மூச்சு விடவில்லை.

"அடுத்த வருஷம் பாரு, நம்மளப் பாத்துக் கத்துக்க நாலு ஊர்க்காரங்க க்யூவில நிப்பாங்க" என்றவர், அவர்களை வரவேற்க அப்போதே ஒரு குழுவும் அமைத்துவிட்டார்.

அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். அந்த வெளியூரில் சாலைப் பொறியாளராக இருக்கும் தன் அக்காவைக் கைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, நான் வரைஞ்சதை அன்னிக்குக் குப்பையில போட்டவரே இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். அடுத்து நடைபாதையை வரைஞ்சு அனுப்பறேன், முதல்ல உங்க ஊர்ல போட்டுடு!"