குருவி மாடம்

இன்றைக்கு வஜீதா, "தபால் வந்துச்சா?" என்று கேட்கவில்லை. பத்து மாதமாக நாள் தவறாமல் கேட்ட கேள்வி அது. வேலைக்காரி கோவிந்தம்மாள் துடைப்பமும் கையுமாக ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, வழக்கமான பதிலைத் தானாகவே சொன்னாள்.

"தபால்காரரு இன்னிக்கும் கூப்புடலம்மா. பக்கத்து வூட்டு மணியார்டருக்கு அந்தக் கத்து கத்துறாரு, நம்ம வாசல்ல நிக்கறதேயில்ல."

"இனிமே கூப்பிட்டா இன்னா, கூப்பிடாட்டி இன்னா," என்றாள் வஜீதா.

அவள் புருஷன் ரஃபி அகமது ரங்கூனுக்குக் கப்பலேறும்போது, வாரம் ஒரு கடிதம் போடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் போனான். ஒரு வரி வரவில்லை. வஜீதாவுக்கு உருது வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எழுதக்கூடிய அண்ணன் சர்தார் பாஷாவோ, "மொதல்ல அவன் எழுதட்டும்" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

போன மாதம் பொறுக்கமாட்டாமல் அவரே எழுதினார், என் தங்கையை விட்டுவிடு என்று. நேற்று பதிவுத் தபாலில் அவருடைய தோல் மண்டிக்கே பதில் வந்துவிட்டது. மூன்று தலாக், கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து, வேறு ஒரு வார்த்தை கிடையாது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று ஆம்பூரில் அந்தத் தெரு முழுக்க வாயில் போட்டு மென்றது.

கோவிந்தம்மாள் முன்னறையைப் பெருக்கப் போனாள். தெருவைப் பார்த்த அந்த அறைக்கு, கோஷாவில் இருக்கும் வஜீதா வருவதில்லை. தரையில் கிடந்த பொட்டணக் காகிதத்தில் உருது எழுத்தைக் கண்டதும் கோவிந்தம்மாள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேதத்தின் எழுத்து, காலில் படக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே வஜீதா சொல்லிக்கொடுத்த பழக்கம்.

முக்காலியில் ஏறி, உத்தரத்துக்குக் கீழே இருந்த மாடத்தில் அதைச் செருகினாள். அங்கே கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவி கீச்சுக் கீச்சென்று சண்டைக்கு வந்தது. அந்த அமளியில் ஒரு குஞ்சு சொத்தென்று கீழே விழுந்தது.

"ஐயோ பீபிம்மா! குஞ்சு வுழுந்துடுச்சு!"

வஜீதா ஓடி வந்தாள். "ஜன்னலைச் சாத்து. நான் வைக்கிறேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேலை?"

"என் குடித்தனம்தான் போச்சு கோவிந்தம்மா. இதையாச்சும் கூட்டுல சேத்துடறேன்."

உள்ளங்கையில் குஞ்சின் நெஞ்சு படபடவென்று அடித்தது. வஜீதா முக்காலியில் ஏறி, மெல்ல வைக்கோலை விலக்கி அதை உள்ளே விட்டாள். வைக்கோலுக்கு அடியில் தடித்தடியாக என்னவோ கையில் தட்டுப்பட்டது. ஒன்றை உருவினாள்.

போஸ்ட் கார்டு. ரங்கூன் முத்திரை. ரஃபியின் கையெழுத்து.

'வஜீதா, இங்கே என் அறையிலும் ஒரு குருவி கூடு கட்டுகிறது. நாம் இருவரும் இருக்க வீடு பார்த்துவிட்டேன்.'

இன்னொன்றை உருவினாள், இன்னொன்றை. ஓரத்தில் எச்சம் படாமல் புதிதாக இருந்தது கடைசிக் கார்டு.

'நாற்பது கார்டு எழுதிவிட்டேன். பதில் இல்லை. உனக்கு நான் வேண்டாமென்றால், அண்ணனை ஒரு வரி எழுதச் சொல். மறுபேச்சு பேசாமல் விட்டுவிடுகிறேன்.'

வஜீதா கார்டுகளை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம்... எங்கேருந்து கோவிந்தம்மா?"

கீழே நின்ற கோவிந்தம்மாள் முகமெல்லாம் பெருமையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"வாராவாரம் ஜன்னலாண்ட வுழுந்து கெடக்கும்மா. உங்க எழுத்தாச்சே, ஒண்ணைக்கூட மிதிபட வுட்டதில்ல!"