தங்கை வீட்டு எல்இடி

ரேடியோ ரிப்பேர் செய்துவந்த கணவர், இறப்பதற்கு முன் சின்னதாக இரண்டு எல்இடி விளக்குகள் செய்தார். ஒன்று மனைவிக்கு, ஒன்று அவளுடைய தங்கைக்கு. இரண்டும் பட்டன் பேட்டரியில் நேராக மாட்டியவை. "இந்த பேட்டரியால அதிக கரண்ட் தரவே முடியாது. அதனாலதான் கரண்டைக் குறைக்கற ரெசிஸ்டர் போடல," என்று அவர் சொன்னதை மனைவி பாதிக் காதில்தான் வாங்கியிருந்தாள். அவர் போன பிறகு அவளுடைய விளக்கு மங்கியது. ஒரு பெரிய பேட்டரியை எடுத்து அதில் நேராக வைத்தாள். பளீரென்று எரிந்து அப்படியே கருகிவிட்டது.

வருடம் ஒன்றாகியும் தங்கையின் சமையலறை அலமாரியில் மற்றது எரிந்துகொண்டிருந்தது. பார்த்ததும் அக்கா நேராக அதனருகே போய் நின்றாள்.

"பேட்டரி மாத்தினியாடி?"

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்க்கா? மாமா குடுத்தபடியே இருக்கு. ஆளு கஞ்சன், ஆனா வேலை சுத்தம்," என்று அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி சிரித்தாள் தங்கை.

அக்கா நகத்தால் பேட்டரியை நெம்பி எடுத்தாள். கம்பிகள் இரண்டும் வெறுமனே நின்றன. விளக்கு அணையவில்லை. இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நானல்லவா என்று மனம் கொதித்தது.

"இது செத்துப்போச்சுடி. நானே எடுத்துட்டுப் போய்ப் போட்டுடறேன்."

"அப்படியா? இப்பக்கூட எரிஞ்சுதே," என்றாள் தங்கை, திரும்பாமலே.

அக்கா அதைக் கைக்குள் இறுக்கி மூடினாள். விரலிடுக்கில் கசிந்த ஒரு கீற்று தங்கையின் பின்கழுத்தில் போய் விழுந்தது. சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வெளிச்சம் அந்தக் கழுத்தைவிட்டு நகரவில்லை.