இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

முதலாளியின் கண்ணாடி மேசையில் நான்கு துண்டுச் சீட்டுகள் கிடந்தன. சரக்கு எண்ணும்போது அகப்பட்டதாகச் சொல்லி சூப்பர்வைசர் கொண்டுவந்து வைத்தவை.

"என்னய்யா இது? கடையில புரட்சி பண்றியா?"

நானாவது, புரட்சி பண்ணுவதாவது! முதலாளி தும்மினால் மன்னிப்புக் கேட்கிற ஜென்மம் நான்.

மூன்று சீட்டுகள் என்னுடையவை என்று உடனே ஒத்துக்கொண்டேன். அஞ்சல்வழியில் பட்டப்படிப்பு படிக்கிறேன். 'அதிகாரமும் அடையாளமும்: புதுக்கவிதைகள்' என்ற தாளில் மட்டும் வருடா வருடம் குப்புற விழுந்துகொண்டிருக்கிறேன். அதனால் கைடிலிருந்து மேற்கோள்களைக் கத்தரித்து, படுக்கைவிரிப்பு அடுக்குகளுக்குள் ஒட்டி வைத்திருந்தேன். வாடிக்கையாளருக்கு எடுத்துக் காட்டும்போதெல்லாம் ஒரு வரி கண்ணில் படும். பூப்போட்ட விரிப்பை உருவினால் ஒடுக்கப்பட்டவனின் குரல், கோடு போட்டதை உருவினால் அடையாளச் சிக்கல்.

பட்டம் எதற்கு என்றால், மாடியில் கணக்குப் பிரிவில் ஒரு இடம் காலி. அங்கே நாற்காலி உண்டு. கீழே விற்பனையில் இருக்கிறவர்கள் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றபடியே இருக்க வேண்டும், அது கடைச் சட்டம். 'பாஸ் பண்ணிட்டு வா, அந்த இடம் உனக்குத்தான்' என்று முதலாளியே வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, அதிகாரத்தை எதிர்க்கும் கவிதைகளை நான் உருப்போட்டதெல்லாம் உட்காருவதற்காகத்தான்.

"அர்த்தம் சொல்லு," என்றார்.

முதல் சீட்டு: 'குனிந்தவன் முதுகில்தான் கொடிக்கம்பம் நடுகிறார்கள்.'

கொடிக்கம்பம் அதிகாரத்தின் குறியீடு, முதுகு என்பது மக்கள் என்று விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு, நன்றாகக் குனிந்து நின்று விளக்கினேன்.

இரண்டாவது: 'என் பெயரை நீ சொல்லும்போது அது உன் பொருளாகிவிடுகிறது.' இதில் 'நீ' என்பது ஆதிக்க வர்க்கம் என்றேன். அதற்காக உங்களைச் சொல்லவில்லை ஐயா என்று கைடில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டேன். மூன்றாவதை விளக்கிய வேகத்தில் 'முந்தைய வினாவைக் காண்க' என்பதையும் சேர்த்தே ஒப்பித்துவிட்டேன். மனப்பாடம் என்றால் அப்படி ஒரு மனப்பாடம்.

நான்காவது சீட்டு அச்சில் இல்லை. பேனாவால் எழுதியது.

'எனக்கும் கால் இருக்கிறது.'

"இது பாடத்துல இல்லைங்க ஐயா," என்றேன்.

முதலாளியின் முகம் சிவந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஈ ஓட்டுவதைப் போலக் கையை வீசினார்.

"நீ இல்ல. உனக்கு அவ்வளவு தைரியம் ஏது?"

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது.

கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து இன்றே வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. கீழ்த்தளத்து ஆட்கள் ஒருவர் விடாமல் வந்து அதே வரியை எழுதி, அடியில் பெயரையும் எழுத வேண்டும். தாள் கொடுக்கும் வேலை எனக்கு. சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஆள் அல்லவா!

துண்டுப் பிரிவு, திரைச்சீலைப் பிரிவு, மெத்தைப் பிரிவு என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வரியை வாய்க்குள் படித்தார்கள். சிலர் தங்கள் பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். பிறகு நிறுத்தி நிதானமாக எழுதிப் பெயரும் போட்டார்கள். நாற்காலி கேட்டு ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு நாயாய் அலைந்திருந்தாலும் இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்க முடியாது. முதலாளி உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிவிட்டார். அது அவருக்கே தெரியவில்லை.

கடைசியாகத் தலையணை உறை அக்கா வந்தார். கணுக்கால் வீங்கி, செருப்பு வாரைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். முதலாளி அவர் எழுதிய தாளையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன வாரம் மூட்டை மேல உட்கார்ந்து திட்டு வாங்கினது நீதானே? கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

"நீங்க எழுதச் சொன்னீங்க, எழுதினேன் முதலாளி. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவர் ஒருவர்தான். எனக்கு அது தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முக்கால்வாசி என்மேல்தான். அந்த நேரத்திலும் பாருங்கள், மாடியில் இருக்கும் நாற்காலி கண்முன் வந்து நின்றது. அது சுழலும் நாற்காலி வேறு.

கையில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. மேசையில் வைத்து அந்த வரியை எழுதினேன். கை நடுங்கியதில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பெயரையும் எழுதி முதலாளி பக்கம் நகர்த்தினேன்.

சீட்டிலும் அதே கோணல்தான். அக்கா திட்டு வாங்கிய அன்று, விரிப்பு அடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதை எழுதியபோதும் என் கை இப்படித்தான் நடுங்கியது.

முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சூப்பர்வைசரும் எட்டிப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"நீயா?" என்றார் முதலாளி. கோபப்படக்கூட மறந்துவிட்டார் போலிருந்தது. "சரி, இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

கைடில் இதற்கு விடை கிடையாது.

"குறியீடு ஒண்ணும் இல்லைங்க ஐயா. கால் வலிக்குது."