பழைய வெர்ஷன்

"பழைய ஆப்பையும் ஒரு மாசம் விட்டு வைப்போமே, காவியா" என்றார் சென்னையிலிருந்து மேனேஜர் சைஃபுல்லா.

"ஒரு நாள் கூட வேண்டாம் சார்."

சங்கரன்கோவில் வீட்டில் உட்கார்ந்தபடி காவியா புரோகிராமின் கடைசி வரியையும் எழுதி அனுப்பினாள். இனி போனும் கருவியும் பேசுவதற்கு முன்னால் தங்கள் வெர்ஷனைச் சொல்லிக்கொள்ளும். பழையது என்றால் இணைப்பு கிடையாது; கருவி, பக்கத்தில் இருப்பவர் கைக்கு வந்துவிடும்.

துபாயிலிருந்து கணவன் கோமதிசங்கர் அழைத்தான்.

"அம்மாவுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன். ராயகிரிக்கு ஒரு எட்டு போயிட்டு வாரேங்க."

"உங்க அண்ணன் பாத்துக்கிடுவான். நீ அங்கன போகாண்டாம்."

"ஆறு மாசமா இதையேதான் சொல்லுதீங்க."

"வீட்ல இருந்துதானே வேலை பாக்க? பொறவு எதுக்குட்டி வெளிய? சரி, இன்னைக்கு என்ன வேலை?"

"ரெண்டு பக்கமும் வெர்ஷன் ஒத்து வரலைன்னா இணைப்பை வெட்டிரணும்."

"இதுக்கெல்லாம் ஒரு சம்பளம்!" சிரித்துக்கொண்டே வைத்தான்.

அரை மணி நேரத்தில் மறுபடியும் அழைத்தான். சிரிப்பைக் காணோம்.

"ஏட்டி, காலையில இங்கன இருந்து பூட்டுன நம்ம வாசக் கதவு, உங்க கம்பெனி பூட்டுதானே, போன்ல வரவே மாட்டேங்கு. ஆப் பழசுங்கு."

"அப்டேட் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். இப்ப கதவு திறந்து கிடக்குங்கு! புது ஆப்புல வெளிய இருந்து பூட்டப் போனா, வீட்டுக்குள்ள இருக்கவங்க சம்மதம் வேணுமாம். உன் போனுக்கு வரும், சரின்னு அமுக்கு."

"உள்ள இருந்தாத்தானேங்க சம்மதம் சொல்ல?" என்றாள் காவியா.

பிறகு கண்டக்டரிடம் திரும்பினாள். "ராயகிரி ஒண்ணு."