ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்

ராக்கப்பன் ஹார்ட் டிஸ்கைத் தலைகீழாகப் பிடித்ததும் அதன் இடுக்கிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் மேசையில் விழுந்தது. காய்ந்திருந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"போன வாரம் மழையில கூரை ஒழுகிருச்சு தம்பி," என்றார் செல்லச்சாமி. "கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி எறங்கி, மெயில் பூராம் போச்சு."

செல்லச்சாமிக்குத் தேவிபட்டினத்தில் கருவாடு ஏற்றுமதி. யார் வந்தாலும் சுழல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர், இன்றைக்கு என்னவோ நின்றுகொண்டிருந்தார். எதிரே சட்டையை உள்ளே விட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க் மலிகா வைத்துவிட்டுப் போன டீ அவர்கள் முன்னால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

டீயைக்கூடத் தொடாதவர்கள் என்றால் பெரிய பார்ட்டிதான், கொச்சியோ சென்னையோ என்று ராக்கப்பன் முடிவு செய்தான்.

நயினார்கோவில் ரேஷன் கார்டில்தான் அவன் ராக்கப்பன். விசிட்டிங் கார்டில் 'ராக்கி, சீனியர் சர்வர் கன்சல்டன்ட்'. இராமநாதபுரத்தில் பத்துக்குப் பத்து அறையில் ஆபீஸ். அங்கே ஜூனியர் என்று யாரும் கிடையாது. ஒரு லாட்ஜ், ஒரு டிராவல்ஸ், இந்தக் கருவாட்டுக் கம்பெனி. இவ்வளவுதான் அவன் கட்டி ஆண்ட சாம்ராஜ்யம்.

அதிலும் இந்த மாதத்தோடு இங்கே காண்ட்ராக்ட் முடிகிறது. மறுபடி போடலாமா என்று கேட்டால் செல்லச்சாமி ஒரு வாரமாகப் பிடிகொடுக்கவில்லை. இது கையை விட்டுப் போனால் கார்டில் 'சீனியர்' என்று போட்டுக்கொள்ள ராக்கப்பனுக்கே கூச்சமாக இருக்கும்.

"இவருதான் எங்க சர்வர் எஞ்சினியரு," என்று செல்லச்சாமி அந்த இருவரிடமும் சொன்னார். "அவரு வாயாலயே கேட்டுக்கங்க. தம்பி, தண்ணி பட்டா போனது போனதுதான? சட்டுனு சொல்லுங்க, சாருக கெளம்பணும்."

ராக்கப்பன் புன்னகை செய்தான். ஆறு மாதத்துக்கு முன் இதே அறையில் 'ஆஃப்சைட் ரிடண்டன்ட் பேக்கப் ஆர்க்கிடெக்சர்' பற்றி ஒன்றரை மணி நேரம் படம் போட்டு விளக்கியிருந்தான். இங்கே வருகிற போகிற மெயிலுக்கெல்லாம் தினமும் ஒரு நகல் என் அறைக்கு வந்துவிடும் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் கன்சல்டன்ட் என்று யார் மதிப்பார்கள்?

செல்லச்சாமிக்கும் அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "அதெல்லாம் நமக்குத் தெரியும் தம்பி," என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"டிஸ்க் போயிருச்சுண்ணே," என்றான் ராக்கப்பன்.

"அம்புட்டுத்தான். கேட்டீகளா சார், போயிருச்சுன்னுட்டாரு."

"டிஸ்க்தாண்ணே போச்சு. டேட்டா எங்க போச்சு? ரெண்டும் வேற வேற. கருவாடு விக்கிறவுகளுக்கு இது புரியாது."

"இருக்கட்டும் தம்பி. பழைய மெயில வச்சு நா என்ன செய்யப்போறேன்? சிரமப்படாதீக."

"அப்ப, கிடைக்குமா கிடைக்காதா?" என்றார் இருவரில் வழுக்கைத் தலைக்காரர்.

"என் கையில வந்தது எதுவும் அழியாது சார்," என்று ராக்கப்பன் பையிலிருந்து லேப்டாப்பையும் நகல் இருந்த இன்னொரு டிஸ்கையும் எடுத்தான்.

செல்லச்சாமி அவன் காலை மிதித்தார். "சாரிண்ணே," என்று ராக்கப்பன் காலை நகர்த்தி அவருக்கு இடம்விட்டான்.

"ஏலே, இங்கன வச்சு எதுக்குலே? ஊருல போயி நிதானமாப் பாத்துட்டு நாளைக்கு வாயேன்."

தம்பி 'ஏலே' ஆனதை ராக்கப்பன் கவனிக்கவில்லை. திரையில் மெயில்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்தச் சந்தடியில் அவன் வழுக்கைத் தலைக்காரரிடம் விசிட்டிங் கார்டையும் நீட்டினான்.

"உங்க கம்பெனிக்கும் இதே மாதிரி செஞ்சு குடுத்துருவேன் சார்."

அவர் கார்டை இரண்டு பக்கமும் படித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார். "உங்க அட்ரஸ் கட்டாயம் தேவைப்படும்," என்றார். "கொழும்புக்குப் போன மெயில மட்டும் எடுங்க பாப்போம்."

நாற்பத்தெட்டு வந்தது. ராக்கப்பன் முதல் மெயிலைத் திறந்து கணீரென்று வாசித்தான். "கருவாட்டு மூட்டைக்கு அடியில கடல் அட்டை, காஞ்சது, நானூறு கிலோ. வழக்கமான படகு. வியாழக்கிழமை." வாசித்தானே தவிர, வாசித்தது என்னவென்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. காண்ட்ராக்ட் இனி மூன்று வருஷத்துக்கு அசையாது என்ற கணக்கு அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செல்லச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி சார்? ஒரு எழுத்துக்கூடக் குறையாது," என்றான் ராக்கப்பன்.

"பிரமாதம்," என்று வழுக்கைத் தலைக்காரர் எழுந்தார். "தடை செஞ்ச அட்டையக் கடத்துன கேசுக்கு இது போதும். கோர்ட்டுக்கு ஒரு செட்டு, எங்க வனத்துறை ஆபீசுக்கு ஒரு செட்டு பிரிண்ட் எடுங்க தம்பி."