வெர்லீன் சொன்ன பொய்

"இந்த வீட்டுல சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலைங்க. வினிகர் வியாபாரி ஒருத்தர் இருந்தார், செத்துப்போனார். வாங்க, மேலே நடப்போம்" என்றாள் வழிகாட்டி வெர்லீன்.

ஊரைச் சுற்றிப்பார்க்க வந்த கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்த விட்டேக்கருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஒன்றும் நடக்கவில்லையா? இந்த வீட்டிலா? அடிமைக் காலத்தில் எதிர்க்கரை கென்டக்கியிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து தப்பிவந்த அடிமைகளை, இந்த வீட்டுச் சமையலறைச் சுவருக்குப் பின்னால்தானே ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள்! அந்த மறைவறை இருக்கிற வீட்டைப் பார்க்கத்தானே ஓஹையோவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் இந்தக் கிரேடன் ஊருக்கு வந்து, இந்த வெயிலில் நடக்கிறார்கள்!

விட்டேக்கர் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். யாராவது ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால், கல்யாண வீடு என்றுகூடப் பார்க்காமல் எழுந்து திருத்திவிடுவார். வழிகாட்டிகளிலேயே கெட்டிக்காரி என்று அவர் நம்பியிருந்தது வெர்லீனைத்தான். அவளுடைய முன்னோர்களில் ஒருத்தியே இந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள்தான். அவளா இப்படி?

"ஒரு நிமிஷம், வெர்லீன்..." என்றபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார்.

நறுக்கென்று அவர் காலில் ஒரு மிதி விழுந்தது.

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க தலைவரே! கல்லு தடுக்கிடுச்சு" என்றாள் வெர்லீன்.

தரையில் கல்லே இல்லை.

"அப்போ அந்த மறைவறை இருக்கிற வீடு எதுங்க?" என்று ஒரு நீலக் கோட்டுக்காரர் கேட்டார்.

விட்டேக்கருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. மற்றவர்கள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டும் போனைத் தடவிக்கொண்டும் வர, இவர் ஒருவர்தான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே விடுவார்களா, பின்வாசல் உண்டா, இப்போது யார் குடியிருக்கிறார்கள்... வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கிடைத்திருந்தால் வாத்தியார் ஓய்வே பெற்றிருக்க மாட்டார்.

"அதுவா? அது வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுங்க. இப்ப அந்த இடத்துல பெட்ரோல் பங்க் இருக்கு" என்றாள் வெர்லீன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஆள் குடியிருக்கிற வீடு என்பதால் அதன் விலாசத்தைச் சங்கம் எங்கேயும் அச்சடிப்பதில்லை. வழிகாட்டி கைகாட்டினால்தான் உண்டு. அந்தத் தைரியத்தில் புளுகுகிறாள்! வெயிலுக்குச் சோம்பல்பட்டுச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாள், வேறென்ன? விட்டேக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார்.

ஆற்றங்கரையில் பயணம் முடிந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம், வெர்லீன். நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"சரி."

"சரியா? வெட்கமா இல்லை? நம்ம ஊரு தலை நிமிர்ந்து நிக்கிறதே அந்த ஒரு வீட்டாலதான். அதைப் போய் வினிகர் கடைன்னு சொல்லிட்டியே!"

"நல்லாத் திட்டுங்க தலைவரே. ஆனா மெதுவாத் திட்டுங்க."

நீலக் கோட்டுக்காரர் இவர்களை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"சார், நீங்கதானே சங்கத் தலைவர்? இந்தம்மா சொன்னது எனக்குச் சரியாப் படலை. அந்த மறைவறை வீடு எது? நீங்க சொன்னா நம்பறேன்."

ஆகா! இப்படி ஒருவர் வந்து கேட்க மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார் மனுஷர்! பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வீட்டைக் காட்டக் கையையும் தூக்கிவிட்டார். அப்போதுதான் வெர்லீனைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, சைகையும் காட்டவில்லை. அந்த வீட்டுப் பக்கம் கண் போய்விடாமல், அரண்டுபோய் ஆற்றையே வெறித்துக்கொண்டிருந்தாள். நகர சபைக் கூட்டத்தில் மேயரையே அதட்டுகிறவள். அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை.

ஏனென்று அவருக்குப் புரியவில்லை. ஆனால், வெர்லீன் காரணமில்லாமல் பயப்படுகிறவள் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

தூக்கிய கை அப்படியே பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பியது.

"அதோ, அங்கதான் தம்பி இருந்துச்சு. எங்கப்பா கண்ணால பார்த்திருக்கார். கூரை மட்டும் ஆத்துல மிதந்து போச்சாம். ஒரு செங்கல்கூட மிஞ்சலை" என்றார் விட்டேக்கர்.

நீலக் கோட்டின் மரியாதையெல்லாம் சட்டென்று காணாமல் போனது.

"தூ, உருப்படாத ஊரு!"

காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கார் பாலத்தில் ஏறி அக்கரை போய் மறைகிறவரை வெர்லீன் மூச்சுவிடவில்லை.

அப்புறம் பார்க்கவேண்டுமே! இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். தலைவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஜெயிச்சுட்டோம் தலைவரே! ஜெயிச்சுட்டோம்!"

"என்னத்தை ஜெயிச்சோம்? சரித்திரத்தைக் கொண்டுபோய் பெட்ரோல் பங்க்ல புதைச்சிருக்கோம். காரணத்தைச் சொல்லித் தொலை. இல்லேன்னா எனக்குச் சாப்பாடு இறங்காது."

"வாங்க, காட்டறேன்."

அந்த வீட்டின் பின்வாசலுக்கே அழைத்துப்போனாள். வீட்டுக்காரி மார்வா கதவைத் திறந்தாள். வெர்லீனின் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் சேர்ந்து சமையலறையின் பாத்திர அலமாரியை நகர்த்தினார்கள்.

வெர்லீன் சுவர்ப்பலகையை மெல்லத் தட்டினாள்.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளியே வாம்மா. உன் புருஷன் பாலம் தாண்டிப் போயிட்டான்."